சாந்து கலப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள் (மட்டக்களப்பு, அம்பாறையில் வீடு கட்டுவோருக்கு)

களுவாஞ்சிகுடிப் பக்கம் ஹாட்வெயார் கடை வைத்திருக்கிறேன். அதற்கு முன், 2004 சுனாமிக்குப் பிறகு கரையோரம் எழும்பிய வீட்டுத் திட்டங்களில் மேற்பார்வை வேலை பார்த்தேன். சீமெந்து வாங்க வருகிறவர்கள் கேட்கிற கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான். கடன் பட்டு, தாலிக்கொடி அடகு வைத்துக் கட்டுகிற வீட்டின் சுவரை விரலால் சுரண்ட மணலாகக் கொட்டுவதைப் பல இடங்களில் கண்ணால் கண்டிருக்கிறேன். அதில் முக்கால்வாசி, கலக்கும்போதே தவிர்த்திருக்கக்கூடிய பிழை. அதனால் வந்த கேள்விகளைக் கேட்டவர்களின் வாய்ச்சொல்லிலேயே எழுதிப் பதில் சேர்த்திருக்கிறேன்.

சாந்தும் கொங்கிறீட்டும் ஒண்டுதானே?

இல்லை. சீமெந்து, மணல், தண்ணீர் மூன்றும் சேர்ந்தால் சாந்து. அதோடு சல்லியும் (உடைத்த கருங்கல்) சேர்ந்தால் கொங்கிறீட். சாந்து கல்லையும் கல்லையும் பிடித்துவைக்கிறது, சுவரைப் பூசுகிறது. தூண், பீம், லிண்டல் போலச் சுமை தாங்குகிற வேலைக்குச் சாந்து போதாது. இங்கே சாந்தைப் பற்றி மட்டும்தான் எழுதுகிறேன்.

எத்தனைக்கு எத்தனை கலக்கணும் அண்ணே?

சாதாரண வீட்டு வேலைக்கு இந்த அளவுகள் போதும். ஆறு அங்குலச் சீமெந்துக் கல் அடுக்குவதற்குச் சீமெந்து ஒன்றுக்கு மணல் ஆறு. நாலு அங்குலக் கல்லால் கட்டும் மெல்லிய சுவருக்கும் கருங்கல் அத்திவாரத்துக்கும் ஒன்றுக்கு ஐந்து. உள் பூச்சுக்கு ஒன்றுக்கு ஐந்து. மழையும் கடற்காற்றும் நேரே அடிக்கிற வெளிப்பூச்சுக்கு ஒன்றுக்கு நாலு அல்லது ஐந்து. சிலாப்பின் அடிப்பக்கம் பூசுவதென்றால் ஒன்றுக்கு மூன்று அல்லது நாலு.

இந்தக் கணக்கெல்லாம் கொள்ளளவுக் கணக்கு, நிறைக் கணக்கு அல்ல. அதாவது ஒரு பெட்டி சீமெந்துக்கு அதே பெட்டியால் ஐந்து பெட்டி மணல். “அதே பெட்டியால்” என்பதுதான் முக்கியம். அடுத்த கேள்வியே அதைப் பற்றித்தான்.

ஒரு பைக்கு எத்தனை தாச்சி மணல்? மேசன் முப்பது எண்டுறார், கூலிக்கு வந்த தம்பி இருபத்தஞ்சு எண்டுறான்.

இரண்டு பேரும் சரியாக இருக்கலாம், இரண்டு பேரும் பிழையாகவும் இருக்கலாம். தாச்சி (சாந்து அள்ளும் சட்டி) எவ்வளவு பெரியது, குவித்து அள்ளுகிறார்களா வழித்து அள்ளுகிறார்களா என்பது ஆளுக்கு ஆள் மாறும். காலையில் தெம்போடு அள்ளுகிற தாச்சியும் பின்னேரம் மூன்று மணிக்கு அள்ளுகிற தாச்சியும் ஒன்றல்ல. சவளால் எண்ணிப் போடுவது இதைவிட மோசம்.

ஐம்பது கிலோ சீமெந்துப் பை ஒன்று ஏறத்தாழ 35 லீற்றர், அதாவது ஒன்றேகால் கன அடி. அதே அளவில் பலகைப் பெட்டி ஒன்று அடித்துக்கொள்ளுங்கள். உள்ளளவு 14 அங்குல நீளம், 10 அங்குல அகலம், பதினைந்தரை அங்குல உயரம். அடிப்பலகை வேண்டாம். இரண்டு பக்கமும் கைபிடிக்க நீட்டுக் கட்டை வையுங்கள். பெட்டியைத் தரையில் வைத்து, மணலைக் கொட்டி, மேலே ஒரு கட்டையால் வழித்துவிட்டு, இரண்டு பேர் பிடித்துத் தூக்கினால் மணல் குவியலாக நிற்கும். பெட்டியை அடுத்த இடத்தில் வைத்து இன்னொன்று. ஐந்து தரம் தூக்கினால் ஐந்து பெட்டி, அதன் மேல் ஒரு பை சீமெந்து. மிஞ்சிய பலகைத் துண்டுகளிலேயே அரை மணித்தியாலத்தில் அடித்துவிடலாம். வீடு கட்டுகிற யாரிடமும் நான் முதலில் சொல்வது இந்தப் பெட்டியைத்தான்.

பெட்டியால அளந்தும் ஒருநாள் சாந்து கொழுப்பா வருது, ஒருநாள் வறட்சியா வருது. ஏன்?

மணலின் ஈரம். லேசாக ஈரமான மணல் உப்பிப் பெருக்கும். ஒவ்வொரு மணிக்கும் மேலே படிகிற நீர்ப்படலம் மணியை மணியிலிருந்து தள்ளிவைக்கிறது. 5 சதவீத ஈரத்திலேயே மணலின் அளவு 20 முதல் 30 சதவீதம் வரை கூடும், பொடி மணல் இன்னும் கூடுதலாக உப்பும். முழுக்க நனைந்துவிட்டால் பழையபடி அமர்ந்துவிடும். ஆக ஈர மணலில் ஐந்து பெட்டி அளந்தால் உள்ளே இருப்பது நாலு பெட்டி மணல்தான். சாந்து கொழுத்துப்போகும், அதாவது சீமெந்து கூடிவிடும், பிறகு வெடிக்கும்.

வீட்டிலேயே பார்க்கலாம். நேரான கண்ணாடிப் போத்தல் ஒன்றில் ஆறு அங்குல உயரத்துக்கு அந்த ஈர மணலை அமுக்காமல் போடுங்கள். அதை வெளியே கொட்டி, போத்தலில் பாதிக்குத் தண்ணீர் விட்டு, மணலைத் திரும்பப் போட்டுக் கம்பியால் கிளறுங்கள். அமர்ந்த பிறகு ஐந்து அங்குலம் நின்றால் உப்பல் 20 சதவீதம். அன்றைக்கு ஐந்து பெட்டிக்குப் பதில் ஆறு பெட்டி போட வேண்டும். இரவில் மழை பெய்த மறுநாள் இதைக் கட்டாயம் செய்யுங்கள்.

எந்த மணல் நல்லது? வெள்ளையா இருந்தா நல்ல மணல்தானே?

நிறத்தை வைத்துச் சொல்ல முடியாது. பெரிய மணியும் சிறிய மணியும் கலந்த ஆற்று மணல்தான் வேண்டும். எங்கள் பக்கம் முந்தெனி ஆறு, மாதுறு ஓயா மணலும், மன்னம்பிட்டிப் பக்கத்து மகாவலி மணலும் வருகின்றன. அம்பாறைப் பக்கம் கல்லோயா மணல். ஒரே ஆற்றிலேயே மேலே அள்ளியது பருக்கனாகவும் கீழே அள்ளியது வண்டலோடும் இருக்கும். அதனால் ஆற்றின் பெயரைக் கேட்டு வாங்காமல் டிப்பரில் வந்த மணலைப் பார்த்து வாங்குங்கள். மணல் ஏற்றிவர அனுமதிப்பத்திரம் இருக்கிறதா என்பதையும் கேளுங்கள்.

ஒரு பிடி எடுத்து உள்ளங்கையில் தேயுங்கள். கையில் சேறு பூசினாற்போல் ஒட்டினால் சந்தேகப்படுங்கள். அப்புறம் போத்தல் சோதனை. பாதிப் போத்தல் மணல், முக்கால் வரை தண்ணீர், ஒரு தேக்கரண்டி உப்பு. நன்றாகக் குலுக்கி மூன்று மணித்தியாலம் அசையாமல் வையுங்கள். மணலின் மேல் மண் ஒரு தனிப் படலமாகப் படியும். அது மணல் உயரத்தில் 8 சதவீதத்தைத் தாண்டினால், அதாவது நாலு அங்குல மணலுக்கு மூன்றில் ஒரு அங்குலம் வந்தால், கழுவாமல் பாவிக்கக் கூடாது. மண் மணியைச் சுற்றிக்கொண்டால் சீமெந்து மணியில் ஒட்டாது.

கல் கட்டுவதற்கு மணலைப் பெரிய கண் வலையில் அரித்தால் போதும். பூச்சுக்குச் சின்னக் கண் அரிதட்டு. ஆனால் மாவுபோல அரிக்க வேண்டாம், பொடி மணல் பூச்சு வெடிக்கும்.

கடல் மணல் வீட்டு வாசல்லயே கிடக்குது. கழுவிப் போட்டா என்ன?

எழுவான்கரையில் (வாவிக்குக் கிழக்கே, கடற்கரைப் பக்கம்) இருப்பவர்கள் எல்லாரும் கேட்பது. முதலாவது, அனுமதியில்லாமல் கரையில் மணல் அள்ளுவது சட்டப்படி குற்றம். வாவிக்கும் கடலுக்கும் நடுவே ஒடுங்கிய ஒரு மணல் திட்டில் குடியிருக்கிறோம். அந்த மணலை நாமே அள்ளினால் கடலுக்கு நாமே வழி விடுகிறோம்.

இரண்டாவது உப்பு. நாலு வாளி தண்ணீரை மேலே ஊற்றினால் உப்புப் போகாது. உப்பு காற்றிலிருக்கிற ஈரத்தை இழுக்கும். சுவர் எப்போதும் நசநசத்தபடி இருக்கும், வெள்ளையாகப் பூக்கும், பெயின்ட் தோலாக உரியும். அந்த மணல் லிண்டலுக்கோ பீமுக்கோ போய்விட்டால் உள்ளே கம்பி துருப்பிடித்துப் பருத்து, கொங்கிறீட்டைப் பிளந்துகொண்டு வெளியே வரும். மூன்றாவது, கரை மணல் எல்லாம் கிட்டத்தட்ட ஒரே அளவு மணி. இடைவெளி நிரம்பாது, சீமெந்துதான் கூடுதலாகப் போகும்.

எங்கட கிணத்துத் தண்ணி கோடையில உப்புக் கரிக்கும். அதால கலக்கலாமா?

குடிக்கக்கூடிய தண்ணீர் என்றால் கலக்கலாம் என்பது நல்ல பொது விதி. மாரியில் நல்லாயிருக்கிற கிணறே ஆவணியில் உவர்க்கும், அதனால் வேலை நடக்கிற மாதத்தில் வாயில் விட்டுப் பாருங்கள். கரித்தால் குழாய்த் தண்ணீரோ பவுசர் தண்ணீரோ எடுங்கள். முக்கியமாகக் கம்பி இருக்கிற இடத்துக்கு உவர் நீர் கூடவே கூடாது. ஏன் என்பது மேலே கடல் மணல் பதிலில் இருக்கிறது.

தண்ணீர் வைக்கும் பரலையும் பாருங்கள். சீனிப்பாணி, பழரசம் வந்த பரலைக் கழுவாமல் தண்ணீர் பிடித்தால் சாந்து இறுகவே மாட்டாது. மிகச் சொற்பச் சீனியே சீமெந்து இறுகுவதைத் தடுத்துவிடும்.

தண்ணி எவ்வளவு ஊத்துற?

லீற்றர் கணக்கு ஒன்றைச் சொன்னால் ஈர மணலில் பிழையாகிவிடும். முறையைச் சொல்கிறேன். வெறும் மண் தரையில் கலக்காதீர்கள். சீமெந்துத் தளமோ தகரமோ வேண்டும். மணலைப் பரப்பி, மேலே சீமெந்தைக் கொட்டி, உலர்வாகவே மூன்று தரம் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குப் புரட்டுங்கள். எங்கே பார்த்தாலும் ஒரே சாம்பல் நிறமாக வர வேண்டும். மணல் நிறத்தில் ஒரு கோடு தெரிந்தாலும் இன்னொரு தரம். அப்புறம் நடுவில் குழி பறித்துத் தண்ணீர் விட்டு, ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே தள்ளுங்கள். முதலில் ஒரு பைக்கு 20 லீற்றர் விட்டு, பிறகு சிறுகச் சிறுகச் சேர்க்கலாம்.

பதம் பார்க்க மேசன் கரண்டியில் ஒரு வாய் எடுத்துச் சரியுங்கள். வழுக்கிக்கொண்டு மொத்தமாக விழ வேண்டும், ஒழுகக் கூடாது. கரண்டியால் குவியலில் ஒரு வெட்டு வெட்டினால் வெட்டு அப்படியே நிற்க வேண்டும். வெட்டின் இரண்டு கரையும் கூடி மூடிக்கொண்டால் தண்ணீர் கூடிவிட்டது. கூடிய தண்ணீர் பிறகு ஆவியாகிப் போகும்போது அது இருந்த இடமெல்லாம் துளையாக நிற்கும்.

தேத்தண்ணிக்குப் போயிட்டு வந்து பாத்தா சாந்து இறுகிட்டு. தண்ணி தெளிச்சுக் குழைச்சா வேலை செய்யுதே?

கையில் வேலை செய்யும், சுவரில் செய்யாது. சீமெந்து தண்ணீரோடு சேர்ந்து முக்கால் மணித்தியாலத்துக்குப் பிறகு இறுகத் தொடங்கும். கலந்த சாந்தை ஒரு மணித்தியாலத்துக்குள் முடிப்பதுதான் பாதுகாப்பு. வெயிலில் தண்ணீர் மட்டும் ஆவியாகிக் கொஞ்சம் வறண்டிருந்தால், அந்த நேரத்துக்குள் ஒரே ஒரு தரம் தெளித்துக் குழைக்கலாம். இறுகத் தொடங்கியதைக் குழைத்தால், உள்ளே பிடித்துக்கொண்டிருந்ததை உடைத்துவிட்டுச் சுவரில் அப்புகிறோம். பழைய சாந்தில் புதுச் சீமெந்துத் தூளைத் தூவிக் குழைப்பதும் அதே பிழைதான்.

ஒரு மேசன் கட்டுகிற வேலைக்கு ஒரு தரத்துக்கு அரைப் பை போதும். தேத்தண்ணி நேரம் எப்போது என்று தெரியும்தானே, அதற்கு முன்னால் முடிகிற அளவுக்குக் கலக்கச் சொல்லுங்கள்.

கல்லைக் கட்ட முதல் ஊறப் போடணுமா?

செங்கல் என்றால் ஆம். குமிழி வருவது நிற்கும் வரை ஊறட்டும். காய்ந்த செங்கல் சாந்தின் தண்ணீரைக் குடித்துவிடும்.

சீமெந்துக் கல்லை ஊறப் போடக் கூடாது. நனைந்தால் சற்று விரியும், பிறகு காயும்போது சுருங்கிச் சுவரில் கோடு விடும். வெயிலில் சூடேறிக் கிடந்தால், வைக்கிற முகத்தில் மட்டும் லேசாகத் தண்ணீர் தெளித்தால் சரி. இதில் பழைய மேசன்மார் சிலரோடு எனக்கு வாக்குவாதமே வந்திருக்கிறது. செங்கல் பழக்கத்தைச் சீமெந்துக் கல்லுக்கும் கொண்டுவருகிறார்கள்.

சீமெந்தைக் கூடப் போட்டா பலம் கூடும்தானே? காசு போனாலும் பரவாயில்ல.

காசும் போகும், சுவரும் வெடிக்கும். சீமெந்து கூடினால் சாந்து கூடுதலாகச் சுருங்கும். இன்னொன்று, ஊரில் கையால் அடிக்கிற கல் பல நேரம் பலம் குறைந்தது. கல்லைவிடச் சாந்து இறுக்கமாக இருந்தால், நிலம் சற்று அமரும்போது வெடிப்பு கல்லைப் பிளந்துகொண்டு போகும். சாந்து கல்லைவிடச் சற்று மென்மையாக இருந்தால் வெடிப்பு இடைச்சாந்தில் ஓடும். அதைச் சுரண்டி நிரப்பலாம், பிளந்த கல்லை மாற்ற முடியாது. அந்தக் காசுக்கு நல்ல கல் வாங்குங்கள்.

பூசி ரெண்டு நாளில மயிர் மயிரா வெடிப்பு. சீமெந்து கள்ளச் சீமெந்தா?

பெரும்பாலும் சீமெந்தில் பிழை இல்லை. கடையில் பை மாற்றிக் கேட்டு வருகிறவர்களோடு நான் வீட்டுக்கே போய்ப் பார்த்திருக்கிறேன். பொடி மணல், கொழுத்த கலவை, அல்லது பளபளப்பாக்குவதற்கு மேலே உலர் சீமெந்து தூவித் தேய்த்தது, இதில் ஒன்றுதான் காரணமாக இருக்கும்.

நாலாவது காரணம் எங்கள் ஊர்க் காரணம், கச்சான் காற்று. வைகாசி தொடங்கி ஆவணி வரை மேற்கிலிருந்து சுடச்சுட அடிக்கிற அந்தக் காற்று, பூச்சு இறுக முன்னரே ஈரத்தை உறிஞ்சிவிடும். அந்த மாதங்களில் மேற்குப் பார்த்த சுவரைக் காலையில் வெள்ளனப் பூசி முடியுங்கள். முதல் நாளே சுவரை நனைத்துவிடுங்கள். பூசிய பின் ஈரச் சாக்கோ பழைய சாரமோ தொங்க விடுங்கள். மறுநாளிலிருந்து ஏழு நாளைக்குக் காலை, மத்தியானம், பின்னேரம் தண்ணீர் தெளிக்க வேண்டும். மேசன் கூலி வாங்கிப் போய்விடுவார், இது வீட்டுக்காரர் செய்கிற வேலை. பிள்ளைகளிடம் குழாயைக் கொடுத்தால் சந்தோசமாகச் செய்வார்கள்.

மேசன் சாந்துக்குள்ள உடுப்புத் தோய்க்கிற பவுடர் போடுறார். நல்லதா?

வேண்டாம் என்று சொல்லுங்கள். சாந்து வழுவழுப்பாக வரும், பூச இலகு. அது உள்ளே நுழைகிற காற்றுக் குமிழியால் வருகிற வழுவழுப்பு. எவ்வளவு காற்று நுழைகிறது என்று யாருக்கும் கணக்கில்லை, பலம் அந்தளவுக்குக் குறையும். வழுவழுப்பு வேண்டுமென்றால் சுண்ணாம்பு போடலாம். சீமெந்து ஒன்று, சுண்ணாம்பு ஒன்று, மணல் ஐந்து என்பது உள் பூச்சுக்கு மிக நல்ல கலவை. கையில் வெண்ணெய் போல் இழுபடும், வெடிப்பும் குறைவு. பையில் வருகிற நீற்றிய சுண்ணாம்புத் தூளையே பாவியுங்கள். சரியாக நீறாத கட்டி உள்ளே போனால், மாதக்கணக்கில் கழித்து ஈரம் பட்டுப் பொங்கிப் பூச்சைப் பொரியாகத் தள்ளிவிடும்.

அம்மம்மாட பழைய வீடு, சுண்ணாம்புச் சுவர். மேல சீமெந்து பூசலாமா?

தயவுசெய்து பூசாதீர்கள். சுண்ணாம்புச் சுவர் நிலத்தடி ஈரத்தை இழுத்து வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். இறுகிய சீமெந்துப் பூச்சு அதை அடைத்துவிடும். ஈரம் உள்ளே தேங்கிச் சுவரையே கரைக்கும், கொஞ்ச நாளில் பூச்சு பெரிய பெரிய பாளமாகக் கழன்று விழும். ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு மணல் கலந்து மெல்லிசாகப் பூசுங்கள், இறுக நாளெடுக்கும், பொறுங்கள். புளியந்தீவுக் கோட்டையைப் போர்த்துக்கேயர் 1628இல் கட்டினார்கள். போர்ட்லண்ட் சீமெந்துக்குக் காப்புரிமை கிடைத்ததே 1824இல்தான். ஆக அந்தக் கோட்டை எழும்பியது இந்தச் சீமெந்து இல்லாமலே.

அரிசி ஆலையில உமிச் சாம்பல் சும்மா கிடக்குது. கலந்தா சீமெந்து மிச்சமாகுமே?

நெல் விளைகிற ஊரில் நியாயமான கேள்வி. உமியை வெப்பம் கட்டுப்படுத்தி எரித்து, மாவாக அரைத்தால், அந்தச் சாம்பலில் இருக்கிற சிலிக்கா சீமெந்தோடு சேர்ந்து பலம் தரும், உண்மைதான். ஆலைக்குப் பின்னால் குவிந்து கிடப்பது அதுவல்ல. பாதி எரிந்த கரியும், அளவுக்கு மீறி வெந்த சாம்பலும் கலந்தது. தண்ணீரைக் குடிக்கும், பலம் தராது. வீட்டுச் சுவருக்கு வேண்டாம்.

போன வருசம் மிஞ்சின சீமெந்து, கட்டி பிடிச்சிருக்கு. அரிச்சுப் போடலாமா?

கட்டியை விரலால் நசுக்குங்கள். மாவாக உதிர்ந்தால் கரையான் புற்று மூடுவது, நடைபாதை போன்ற சின்ன வேலைக்கு எடுக்கலாம். நசுங்காவிட்டால் எறிந்துவிடுங்கள். அரித்து வருகிற தூளும் பாதி செத்ததுதான். எங்கள் ஈரக் காற்றில் மூன்று மாதத்துக்கு மேல் வைக்காதீர்கள். பலகை மேல், சுவரில் முட்டாமல் அடுக்கி, பிளாஸ்டிக் விரிப்பால் மூடுங்கள்.

மாரியில வேலை செய்யலாமா?

தூறலில் உள் வேலை செய்யலாம். வெளிப்பூச்சைக் கார்த்திகை, மார்கழியில் தொடங்காமல் இருப்பது நல்லது. கட்டிய சுவரின் தலையை ஒவ்வொரு பின்னேரமும் மூடிவிட்டுப் போங்கள். புதுச் சாந்தை ஒரு பெருமழை இடுக்கிலிருந்து அப்படியே கழுவிக்கொண்டு போகும்.

எத்தனை பை வாங்கிறது எண்டு எப்படிக் கணக்குப் பாக்கிற?

16க்கு 8 அங்குலக் கல்லில் 100 சதுர அடிச் சுவருக்கு ஏறத்தாழ 112 கல். நாலு அங்குலச் சுவர் என்றால் அரைப் பைக்குச் சற்று மேல், ஆறு அங்குலம் என்றால் முக்கால் பை அளவில் சீமெந்து போகும். பூச்சுக்கு, அரை அங்குலத் தடிப்பில் 400 சதுர அடிக்குச் சேதாரத்தோடு நாலு பையும் கால் கியூப் மணலும் எடுங்கள். சுவர் கோணல் என்றால் தடிப்புக் கூடும், அதோடு கணக்கும் கூடும். ஒரு கியூப் மணல் 100 கன அடி. ஒன்றுக்கு ஐந்தென்றால் அதற்குப் 16 பை.

சாந்து மிதிச்ச கால் வெந்து கொப்பளிச்சிட்டு. அலர்ஜியா?

அது தீக்காயம் மாதிரி ஒரு காயம். ஈரச் சீமெந்து கடும் காரம். உடனே எரியாது, சாயந்தரம்தான் தெரியும். சப்பாத்தும் கையுறையும் இல்லாமல் கலக்க விடாதீர்கள். பட்டால் நிறையத் தண்ணீரால் கழுவுங்கள். கண்ணில் தெறித்தால் விடாமல் கழுவிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். எங்கள் கூலி வேலைப் பிள்ளைகள் வெறுங்காலோடு கலவையில் நிற்பதைப் பார்க்க மனம் பொறுக்கவில்லை. ஒரு சோடி ரப்பர் சப்பாத்து, வீட்டுச் செலவில் ஒரு மூலைக்கும் காணாது.

வேலை முடிஞ்சு. சாந்து பலமா இருக்கெண்டு இப்ப எப்படிப் பாக்கிற?

பூசி ஒரு மாதம் போகட்டும். மூன்று அங்குல ஆணியின் முனையால் பூச்சில் அழுத்தி ஒரு கோடு இழுங்கள். வெள்ளைக் கீறல் மட்டும் விழுந்தால் நல்லது. பள்ளம் விழுந்து மணல் கொட்டினால் கலவை மெலிந்தது, அல்லது தண்ணீர் தெளிக்கவில்லை. அப்புறம் விரல் முட்டியால் சுவர் முழுக்கத் தட்டிக்கொண்டு போங்கள். வெறும் பானையில் தட்டினாற்போல் சத்தம் வருகிற இடத்தில் பூச்சு சுவரைப் பிடிக்கவில்லை. அந்த இடத்தைச் சோக்கால் வட்டம் போட்டு, மேசனுக்குக் கடைசிக் காசைக் கொடுப்பதற்கு முன் காட்டுங்கள். வட்டத்துக்குள் இருப்பதை வெட்டி எடுத்து, சுவரை நனைத்து, அதே பெட்டி அளவில் கலந்து திரும்பப் பூச வேண்டும்.